ஒரத்துப்பாளையத்துக்காரியும் நானும்

திருப்பூரில் ஒரு வீட்டில் பிள்ளை பிளஸ் டூ முடித்தால் முதலில் எழுகிற பேச்சு வாரச் சம்பளத்தைப் பற்றித்தான். 2006ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எழுந்தது. ஜெய்வாபாய் பெண்கள் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். வேதியியலில் இன்னும் நல்ல மதிப்பெண். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். அப்பாவுக்கு வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை. இருவரும் எண்பதுகளின் கடைசியில் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் காம்பவுண்டில் இருந்த எல்லாக் குடும்பங்களும் தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் என்று ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்தவைதான்.

அன்றைக்குக் கம்பெனியில் டெய்லருக்கு உதவுகிற கைமடியாகச் சேர்கிற பெண்கூட ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கவரோடு வீட்டுக்கு வருவாள். ஆர்டர் அவசரம் என்றால் விடிய விடிய வேலை பார்க்கிற விடிநைட்டும் இருக்கும், அதற்குத் தனிக் காசு. ஓவர்லாக் பழகிவிட்டால் பீஸ் ரேட். மூன்று வருடத்தில் ஒரு பெண் கைமடியிலிருந்து டெய்லராகி, வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கி, தன் கல்யாணத்துக்கு நாலு பவுனும் சேர்த்துவிடலாம். காம்பவுண்டில் அதைச் செய்து காட்டிய அக்காமார் இருந்தார்கள். சாட்சி எதிர்வீட்டிலேயே இருக்கும்போது, படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்தான் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அரசு கலைக் கல்லூரியில் ஒரு வருடக் கட்டணம் அம்மாவின் இரண்டு வாரச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே கட்டணத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வராமல் போகும் நூற்றைம்பது சனிக்கிழமைக் கவர்களைப் பற்றித்தான் கவலை. எந்தக் கல்லூரியின் விண்ணப்பப் புத்தகத்திலும் இந்தத் தொகை அச்சாகியிருக்காது. திருப்பூரில் அரசுக் கல்லூரிப் படிப்பின் நிஜமான விலை இதுதான். ‘அரசுக் கல்லூரியில் படிப்பு இலவசம்தானே’ என்று மேடையில் யாராவது பேசும்போது எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. இலவசம் என்று சொல்கிறவர் அந்த வீட்டின் சனிக்கிழமையைப் பார்த்ததில்லை.

என் சித்தி மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அதே கோடையில் ஒரு புரோக்கர் அவளை ஒரு நூல்மில்லுக்கு அழைத்துப் போனார். ஹாஸ்டல், சாப்பாடு, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ மொத்தமாகக் கையில். ஊரில் அதைச் சுமங்கலித் திட்டம் என்பார்கள். அவளுக்கும் மூன்று வருடம், எனக்கும் மூன்று வருடம். அவள் மில் ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அன்றைக்கு எத்தனை ஸ்பிண்டில் பார்த்தாள் என்று சொல்வாள். பதிலுக்குச் சொல்ல எதுவும் கிடைக்காமல் நான் திணறுவேன். படிப்பின் முதல் வருடத்தில் கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. இதைப் பெரியவர்கள் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

அப்பாதான் முடிவெடுத்தார். “புள்ள படிக்கட்டும். நாந்தான் தண்ணிக்குள்ளயே நிக்கிறேன்ல” என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி அறுபதுகளில் தொடங்கப்பட்டது. நாங்கள் அதைச் சிக்கண்ணா என்று மட்டும்தான் சொல்வோம். பெண்களுக்கென்று எல்.ஆர்.ஜி. அரசு கல்லூரியும் ஊரில் உண்டு. எனக்கு வேதியியல் கிடைத்தது சிக்கண்ணாவில். அவிநாசி, ஊத்துக்குளி, பல்லடம், காங்கயம் என்று நாலா திசையிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். பக்கத்து இருக்கையில் ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண், அதற்கடுத்து விசைத்தறிக்காரர் மகள், பின்னால் பாத்திரப் பட்டறைக்காரர் மகன். அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரம் அடிக்கிற பட்டறைகள் வரிசையாக உண்டு. அந்தப் பையனுக்கு உலோகம் பற்றிய பாடம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் புரிந்துவிடும்.

அங்கே ஒரு விஷயத்தை ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். ஆர்டர் குவிகிற மாதங்களில் வகுப்பு மெலிந்துவிடும். கிறிஸ்துமஸுக்குக் கப்பல் ஏற வேண்டிய சரக்கு, தீபாவளி போனஸுக்கு முந்தைய ஓவர்டைம் என்று பையன்கள் ஒவ்வொருவராகக் கம்பெனிக்குப் போவார்கள். முதலில் மதியம் மட்டும், பிறகு முழு நாள். எழுபத்தைந்து சதவீத வருகைப் பதிவுக்காகச் சிலர் திரும்பி வருவார்கள். சிலர் வரமாட்டார்கள். 2006-07 முதல் தமிழ்நாட்டின் பல அரசு கலைக் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டாகப் பிரித்து வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் தருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வேறு ஒரு கதவையும் திறந்தது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் பவர் டேபிள். அப்படிப் படித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய உழைப்பு எனக்கு வாய்க்காத ஒன்று. ஆனால் அப்படித் தொடங்கி, இரண்டாவது வருடத்தில் மெஷினே கதி என்று ஆனவர்களையும் தெரியும். பிளாட்லாக் ஓட்டுவதில் கை வேகம் கூடக் கூட, வகுப்பில் உட்கார்வது நஷ்டமாகத் தெரியத் தொடங்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த மூன்று வருடமும் பாரதியார் பல்கலைக்கழகம் என்பது எங்களுக்குத் தேர்வு நுழைவுச் சீட்டின் தலைப்பில் இருந்த ஒரு பெயர்தான். பல்கலைக்கழகம் ஓரிடத்தில் இருக்கும், படிப்பு நூறு இடங்களில் நடக்கும், அது பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் தொடங்கிய நாளிலிருந்து வந்த ஏற்பாடு இது. கோவை வட்டாரக் கல்லூரிகள் வெகுகாலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருந்தன. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் தனியாகப் பிறந்தது. கோவை, ஈரோடு, நீலகிரி என்று பரந்த வட்டாரம். திருப்பூர் தனி மாவட்டமானது 2009 பிப்ரவரியில். நான் பட்டம் வாங்கிய வருடமும் அதுதான்.

எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு அதே பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்கே போனேன். காந்திபுரத்தில் 70ஆம் நம்பர் பஸ் ஏறினால் லாலி ரோடு, வேளாண்மைப் பல்கலைக்கழகம், வடவள்ளி தாண்டி மருதமலை அடிவாரம். ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். மலையிலிருந்து யானை இறங்கி வளாகத்துக்குள் வந்து போகும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பாதையில் தனியாக நடக்காதே என்று சீனியர்கள் சொன்னபோது, நான் அதற்கு வேறு காரணம் நினைத்தேன். யானை என்று தெரிந்ததும் மனசுக்கு அப்படி ஓர் ஆறுதல்.

பெரிய இடத்தின் கஷ்டமும் அங்கேதான் தெரிந்தது. அது எனக்குள் இருந்த கஷ்டம். பள்ளியிலும் வீட்டிலும் தமிழிலேயே வளர்ந்தவள் நான். கல்லூரியில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் தமிழில் விளக்கக் கேட்டுப் படித்துத் தேறிவிட்டேன். இங்கே கருத்தரங்கில் எழுந்து நின்று பேச வேண்டும். முதல் தடவை நின்றபோது தெரிந்த சமன்பாடு எல்லாம் கரும்பலகையில் சரியாக வந்தது, வாயில் ஒரு வாக்கியம் வரவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் புழங்குகிற வளாகத்தில் ஒருத்தி பேசாமல் இருந்தால் அது யார் கண்ணையும் உறுத்தாது. எந்தப் பெரிய அரசு நிறுவனமும் ஒவ்வொரு பிள்ளையையும் தேடி வந்து ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்க முடியாது. எது வேண்டுமோ அதை நாம்தான் போய்க் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் கேட்டால் பேராசிரியர் ஓய்வாக இருப்பார், உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது, நூலகத்தில் எந்த அலமாரியில் பழைய ஆய்வேடுகள் என்பதெல்லாம் படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே வந்து சேர்ந்துவிடும். எங்களுக்குச் சீனியர்கள்தான் வீடு. எனக்கு அப்படி ஒரு சீனியர் கிடைத்தார். கரூர்ப் பக்கத்துக்காரர். “கேளு கண்ணு, கேட்டா ஒண்ணும் கொறைஞ்சு போயிர மாட்டே” என்று ஒவ்வொரு அலுவலக வாசலிலும் என்னை முன்னால் தள்ளிவிட்டு அவர் பின்னால் நிற்பார். அப்படி யாரும் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நான் பிற்பாடுதான் யோசித்தேன்.

ஹாஸ்டலில் அறை ஒதுக்குவது பட்டியலைப் பார்த்துத்தான். யாரோடு யார் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் அறையில் மூன்று பேர். ஒருத்தி கூடலூர்ப் பக்கம் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். அவளுடைய பாட்டி கண்டியில் கொழுந்து பறித்தவர், அம்மா நீலகிரியில் கொழுந்து பறிக்கிறவர். இன்னொருத்தி பொருளாதாரம் படித்தாள், ஒரத்துப்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். அவள் ஊர்ப் பெயரைச் சொன்ன முதல் நாள் நான் என் ஊரைச் சொல்லத் தயங்கினேன். சொன்னதும் அவள், “ஓ, திருப்பூருங்களா” என்றாள். அந்த ‘ங்களா’ கொங்குப் பேச்சில் வழக்கமாக வருவதுதான். அன்றைக்கு எனக்கு அது ஓரடி தள்ளி நின்று பேசுவதாகக் கேட்டது.

காரணம் உண்டு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையைக் கடந்து திருப்பூருக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஒரத்துப்பாளையம் போய், கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை 1992இல் முடிந்தது. திருப்பூர் சாயத்தண்ணீர் மொத்தமும் போய்த் தேங்குகிற தொட்டியாக அது மாறிவிட்டது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் பெட்டியை வைத்த வருடம்தான் அது.

முதல் வருடம் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. முறுக்கும் ஊறுகாயும் பகிர்ந்துகொண்டோம், துணி காயப்போடும் கயிற்றுக்குச் சண்டை போட்டோம், கூடலூர்க்காரி வைக்கிற தேநீருக்காக இருவரும் காத்திருந்தோம். 2011 பொங்கல் விடுமுறை முடிந்து ஒரத்துப்பாளையத்துக்காரி திரும்பும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். “நீ ஏதோ தண்ணி எல்லாம் டெஸ்ட் பண்றயல்லொ, இதயும் பாரு” என்று மேசையில் வைத்தாள்.

குளோரைடு அளவைப் பார்க்க வெள்ளி நைட்ரேட்டால் தரம் பார்ப்பது இளநிலைப் பாடம். மாதிரித் தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாக நிற்கும். ப்யூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் கரைசல் சொட்டச் சொட்ட, தண்ணீரில் இருக்கும் குளோரைடெல்லாம் வெள்ளையாகப் படியும். குளோரைடு தீர்ந்த மறுகணம் செங்கல் நிறம் காட்டும். சிக்கண்ணாவின் ஆய்வகத்தில் எத்தனையோ தடவை செய்தது. அன்றைக்கு அந்தச் செங்கல் நிறம் வரவே இல்லை. ப்யூரெட் காலியாகி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் எறங்குதா?” என்று கேட்டாள். “இறங்குது” என்றேன்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு வேதியியலாகவும் தெரியும், வீட்டிலிருந்தும் தெரியும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்புப் போட்டாக வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது உப்புதான். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம்கூட ஆகும். சாயம் துணியில் தங்கிவிடும், உப்புத் தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தை எடுப்பதற்குச் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுத் தெளிய வைத்தால் தண்ணீர் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், உப்பு அப்படியே இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள். வருடக்கணக்கில் அந்த வரம்பு ஏட்டில்தான் இருந்தது. சாயமேற்றும் விஞ்ச் மெஷினுக்கு உப்பு மூட்டை தூக்கிப் போடுவது என் அப்பாவின் வேலைகளில் ஒன்று. சனிக்கிழமை கவரில் வந்த காசில், அந்த மூட்டைகளின் கூலியும் சேர்ந்திருந்தது. அந்தக் காசில்தான் ப்யூரெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

இதை அவளிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. தென்னை எப்படிக் குரும்பை உதிர்ந்து மொட்டையானது, மாட்டுக்கு எந்தத் தண்ணீரைக் காட்டுவது என்று அவள் அப்பா அலைந்தது, இழப்பீட்டு ஆணையத்துக்கு எழுதிப் போட்ட மனுக்கள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “உங்கப்பா கையில புண்ணு வருமா? சாயத்துல நின்னா வரும்னு எங்கம்மா சொல்லுவாங்க” என்று கேட்டாள். வரும். கால் விரலிடுக்கில் எப்போதும் வரும்.

பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் என்ன நன்மை என்று யார் கேட்டாலும் நான் முதலில் நினைப்பது அந்த மேசையைத்தான். திருப்பூருக்குள்ளேயே இருந்திருந்தால் அவளை நான் பார்த்திருக்க வழி இல்லை. அவள் அப்பாவும் என் அப்பாவை வைத்திருந்த முதலாளியும் சந்தித்துக்கொண்டது நீதிமன்றத்தின் வழியாக மட்டும்தான், அதுவும் வக்கீல்கள் மூலமாக. சாதி வாரியான அறுபத்தொன்பது சதவீத இட ஒதுக்கீடு, குறைந்த கட்டணம், பட்டியல் பார்த்து ஒதுக்கும் அறை என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரே ஆற்றின் மேல்பக்கத்துப் பெண்ணையும் கீழ்பக்கத்துப் பெண்ணையும் ஓர் அறையில் போட்டன. வசதியுள்ளவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற சிறிய, சீரான கல்லூரியில் தன்னைப் போன்றவர்களோடுதான் பிள்ளை பெரும்பாலும் படிக்கும். கவனிப்புக் கூடுதலாகக் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அங்கே வந்திருக்காது.

பாட்டில் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, உத்தரவை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எங்கள் துறையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் சுற்றுச்சூழல் வழக்குகளிலேயே முக்கியமான தீர்ப்பு என்றார்கள், உண்மைதான். நான் வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். “கேட்டுல பூட்டுப் போட்டாச்சு. நீ பரீட்சைக்குப் படி” என்றார். எப்போதும் இரைச்சலாகக் கேட்கும் அந்தப் பக்கத்தில் அன்றைக்கு அவர் குரல் மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் நடந்த கருத்தரங்கில்தான் நான் முதன்முதலாகப் பேசினேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். தீர்ப்பு சரி என்றேன். அதற்கான காரணங்களை எண்களோடு சொன்னேன். அதோடு, மூடிய பட்டறையில் நின்ற தொழிலாளிக்கு அந்த வாரச் சனிக்கிழமை யார் சம்பளம் தந்தார்கள் என்றும் கேட்டேன். பதில் சொல்ல அந்த அறையில் யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஆனால் கேள்வியைக் கேட்க ஓர் அறை இருந்தது. பொருளாதாரத் துறையிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், எனக்குப் பின் எழுந்து, இருபது வருடமாகத் தோட்டம் தரிசாகக் கிடந்த விவசாயிக்கு எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசினோம் என்று சிலர் நினைத்தார்கள். நாங்கள் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதங்கள் வீட்டில் எப்படிப் போயின என்பதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். துணி சாயமேற வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் போகத் தொடங்கியது. காம்பவுண்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, குடும்பங்கள் தெற்கே திரும்பிவிட்டன. அப்பா லோடு இறக்கப் போனார். அம்மா விடிநைட் பார்த்தார். 2006இல் நான் கைமடியாகச் சேர்ந்திருந்தால், அதற்குள் டெய்லராகி அந்த மாதங்களை நானே தாங்கியிருப்பேன். அம்மா இதைச் சொன்னதில்லை. ஒரு தடவை என் அத்தை சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை. பட்டத்தின் பலன் என் கைக்கு வந்தது, அதன் விலையில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் வேறு இருவர். பெரிய பல்கலைக்கழகத்தின் சாதக பாதகங்களைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படிக்கிற பிள்ளையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் மாதிரி வீடுகளில் பட்டப்படிப்பு நாலு பேர் சேர்ந்து படிப்பது.

சித்தி மகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. மூன்று வருடம் மில்லில் முடித்து, பணம் வாங்கிக் கல்யாணமும் ஆன பின், தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். லட்சக்கணக்கானவர்களுக்குத் தபாலில் பாடம் அனுப்பும் அரசுப் பல்கலைக்கழகங்கள் இல்லாவிட்டால் அவளைப் போன்றவர்களுக்குப் பட்டம் என்ற ஒன்றே கிடையாது. அந்த நன்றியோடுதான் இதையும் சொல்கிறேன். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் தப்பாக வந்தது. ஓர் எழுத்தைத் திருத்த, கைக்குழந்தையோடு பஸ் ஏறி அலுவலகம் அலுவலகமாக நின்றாள். ஒவ்வொரு மேசையிலும் அவள் ஒரு பதிவு எண். திருத்தி வருவதற்குள் அவள் விண்ணப்பித்திருந்த வேலைக்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டது. பெரிய அமைப்பு யாரையும் பெயர் கேட்காமல் உள்ளே விடுகிறது, அது பெரிய விஷயம். உள்ளே வந்த பிறகும் பெயர் கேட்காமலே இருந்துவிட்டால் இழப்பு எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம். இதைச் சரிசெய்யக் கட்டடம் வேண்டாம், நிரந்தரமான ஆட்கள் வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிறார்கள். மாதம் ஐம்பதாயிரம் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன தொகைக்கு அருகில்கூட அது வரவில்லை. நாளை இருப்போமா என்று தெரியாத ஆசிரியர், பிள்ளையின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வதையும் ஒரு கடமையாகச் செய்துவருகிறார் என்றால் அது அவருடைய நல்ல மனசு. ஓர் அரசு அந்த நல்ல மனசை நம்பியே கல்லூரி நடத்தக்கூடாது.

இப்போது நான் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, பட்டறைகளுக்கே திருப்பி அனுப்புகிறோம். மிஞ்சும் உப்புக் கரைசலும் சாயமேற்ற மறுபடி பயன்படுகிறது, கடைசியில் நிற்பதை ஆவியாக்கி உப்பாக எடுக்கிறோம். தினமும் குளோரைடு பார்க்கிறேன். ஒரத்துப்பாளையத்துக்காரி ஈரோட்டில் வங்கியில் இருக்கிறாள். அவர்கள் தோட்டம் முழுசாகத் தேறவில்லை. மண்ணில் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. நல்ல மழை பெய்த வருடங்களில் போன் செய்து சொல்வாள்.

போன மே மாதம் பக்கத்துத் தெரு டெய்லர் அண்ணன் தன் மகளின் மதிப்பெண் பட்டியலோடு வந்தார். அரசுப் பள்ளியில் படித்த பெண். புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறார்கள். “ஆனாலும் பாருங்க, பாப்பா மெஷின்ல உக்காந்தான்னா ஒரே வாரத்துல அதுக்கு மேல வந்துருமுங்க” என்றார். வந்துவிடும். அதை நான் மறைக்கவில்லை. பேப்பர் எடுத்து, மூன்று வருடத்தில் அவர் வீடு எவ்வளவு இழக்கும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். தொகையைப் பார்த்து அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “செரி, பதிஞ்சு உடுங்க” என்றார்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் இப்போது ஒரே இணையதளத்தில். பதிவுக்கும் விண்ணப்பத்துக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு இரண்டே ரூபாய். முதல் விருப்பம் சிக்கண்ணா, அடுத்தது எல்.ஆர்.ஜி., பிறகு கோவை அரசு கலைக் கல்லூரி. பாடம் வேதியியல். அவளிடம் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவற்றைச் சொன்னேன். நூலக அட்டை வாங்கிவிடு. துறைத் தலைவரிடம் போய் உன் பெயரையும் ஊரையும் சொல். உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள். சான்றிதழ் எது கைக்கு வந்தாலும் இனிஷியலை அங்கேயே நின்று பார். ஆய்வகத்தில் பட்டியல்படி உன்னை யாரோடு ஜோடி சேர்த்தாலும் சரி, வேறு ஆள் வேண்டும் என்று கேட்காதே.